மோட்டார்ஹோம் வாங்கியாச்சா? சத்தம் போடாத ஆபத்துகளை முதல்ல தெரிஞ்சுக்கங்க

இன்னிக்கு எபிசோட் மோட்டார்ஹோம் பத்தினது. படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கற, நாமளே ஓட்டிக்கிட்டுப் போற வீடு. நம்ம ஊர் ரோட்டுல இதை அதிகம் பார்க்க முடியாது. ஆனா அமெரிக்காவுலயும் கனடாவுலயும் இருக்கற நம்ம நேயர்கள் பல பேருக்கு, பழசா ஒண்ணு வாங்கி லாங் வீகெண்டுக்கு நேஷனல் பார்க் பக்கம் கிளம்பணும்னு ஆசை இருக்கு. இந்த எபிசோட் அவங்களுக்குத்தான். வாடகைக்கு எடுத்து ஓட்டப் போறவங்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதல்ல ஒரு விஷயம். அமெரிக்காவுல பெரும்பாலான மாநிலங்கள்ல, 26,000 பவுண்டுக்கு உள்ள இருக்கற மோட்டார்ஹோமை சாதாரண கார் லைசென்ஸ்லயே ஓட்டலாம். கனடாவோட ஒன்டாரியோவுல ஜி லைசென்ஸ் இருந்தா 11,000 கிலோ வரைக்கும் போகலாம். அதாவது நேத்து வரைக்கும் கரோலா ஓட்டினவர், இன்னிக்கு சாவியை வாங்கி ஆறு டன் வீட்டை நேரா ஹைவேல ஏத்தலாம். சட்டம் தடுக்காது. சொல்லிக் கொடுக்கவும் ஆள் இருக்காது.

சாஃப்ட்வேர்ல இருக்கறவங்களுக்கு நான் சொல்ல வர்றது சட்டுனு புரியும். புரோகிராம் கிராஷ் ஆனா பெரிய பயம் இல்லை. எரர் வரும், லாக்கைப் பார்ப்போம், சரி பண்ணுவோம். தூக்கத்தைக் கெடுக்கறது எது? எரரே காட்டாம, அமைதியா தப்பு பண்ணிக்கிட்டே இருக்கற புரோகிராம். மோட்டார்ஹோம்லயும் அதே கதைதான். பிரேக் கிரீச்சுன்னா காதுல விழும், மெக்கானிக்கிட்ட போவோம். ஆனா உயிரையும் வண்டியையும் உண்மையிலேயே காவு வாங்கற விஷயங்கள் பெரும்பாலும் சத்தமே போடாது. அதனால "ஏதாவது வந்தா பார்த்துக்கலாம்"ங்கற நம்ம வழக்கமான பாலிசி இங்க எடுபடாது. ஒரு டேப், ஒரு பிரஷர் கேஜ், ஒரு காலண்டர் இருந்தா இதுல முக்கால்வாசியைப் பிடிச்சிடலாம்.

மூணு பாகமா பார்ப்போம். முதல்ல உயிர், அப்புறம் ரோடு, கடைசியா பர்ஸ்.

உயிர்: மூக்குக்குத் தெரியாத கேஸ்

கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. பெட்ரோல், டீசல், சமையல் கேஸ் எது எரிஞ்சாலும் கொஞ்சம் வரும். காத்து போதாம எரிஞ்சா நிறைய வரும். நம்ம ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா இதைப் பிடிச்சுக்கும். அப்போ மூச்சு விட்டுக்கிட்டே இருப்போம், ஆனா உடம்புக்கு ஆக்ஸிஜன் போய்ச் சேராது.

அறிகுறி என்னன்னா தலைவலி, குமட்டல், தலைசுத்தல், அசதி. நாள் முழுக்க வண்டி ஓட்டின களைப்புன்னுதான் யாரும் நினைப்போம். தூங்கிட்டா அதுவும் தெரியாது. ஒண்ணை ஞாபகம் வச்சுக்கங்க: வண்டியில இருக்கற ரெண்டு மூணு பேருக்கு ஒரே நேரத்துல தலை வலிச்சா, அதை களைப்புன்னு விடாதீங்க. எல்லாரும் உடனே வெளிய வாங்க, எமர்ஜென்சி நம்பருக்குக் கூப்பிடுங்க.

மோட்டார்ஹோம்ல இது எங்கிருந்து வரும்? முதல் இடம் ஜெனரேட்டர். அது வண்டியோட அடியிலயோ பக்கவாட்டுலயோ, நீங்க தூங்கற இடத்துலேர்ந்து சில அடி தூரத்துலதான் இருக்கும். புகைக்குழாய்ல சின்ன விரிசல் இருந்தாலோ, தரையில எங்கயாவது ஓட்டை இருந்தாலோ புகை உள்ள வரும். அதனால ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கறது கூடவே கூடாது. பக்கத்துல நிக்கற வண்டியோட ஜெனரேட்டர் புகையும் உங்க ஜன்னல் வழியா வரலாம், அதையும் கவனிங்க. ரெண்டாவது, குளிருதுன்னு கேஸ் அடுப்பைப் பத்தவச்சு உள்ள சூடு பண்றது. அடுப்பு சமைக்கறதுக்கு மட்டும்தான். சமைக்கும்போதும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்க. மூணாவது, ஹீட்டரோட வெளிக்குழாய். சும்மா நிக்கற வண்டியில குளவி அதுக்குள்ள மண்கூடு கட்டிடும். சீசன் ஆரம்பத்துல டார்ச் அடிச்சுப் பாருங்க.

இதுக்கு அலாரம் இருக்குமேன்னு கேட்பீங்க. இருக்கும். ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு, அதோட சென்சாருக்கு ஆயுசு உண்டு. மாடலைப் பொறுத்து 5 வருஷத்துலேர்ந்து 10 வருஷம். டெஸ்ட் பட்டனை அழுத்தினா பீப்னு கத்தும், நாமளும் நிம்மதியாயிடுவோம். அந்த பட்டன் சோதிக்கறது பேட்டரியையும் பஸ்ஸரையும்தான். சென்சார் செத்துப் போயிருந்தாலும் பீப் வரும்! அதனால அலாரத்தைக் கழட்டிப் பின்னாடி இருக்கற தேதியைப் பாருங்க. பழைய வண்டி வாங்கினா, வாங்கின அன்னிக்கே செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். ரெண்டு, அமெரிக்க தரக்கட்டுப்பாடுப்படி 70 பிபிஎம் அளவுக்கு அலாரம் அடிக்க ஒரு மணியிலேர்ந்து நாலு மணி நேரம் வரைக்கும் எடுத்துக்கலாம். 400 பிபிஎம்னா 4 முதல் 15 நிமிஷத்துக்குள்ள அடிக்கணும். அப்போ அலாரம் அடிச்சாச்சுன்னா விஷயம் கொஞ்ச நேரமாவே நடந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். "தப்பா அடிக்குது போல"ன்னு பேட்டரியை உருவற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது புரொப்பேன். நம்ம வீட்டு சிலிண்டரோட சொந்தக்காரன்தான், நம்ம ஊர்ல பியூட்டேனும் கலந்து வரும். காத்தைவிட கனம், அதனால கசிஞ்சா தரையிலதான் தேங்கும். அதனாலதான் அந்த டிடெக்டர் தரையோட ஒட்டி இருக்கு. அது முன்னாடி பையையோ செருப்பையோ போட்டு மறைக்காதீங்க. கேஸ் வாசனை வந்தா, நம்ம வீட்ல அம்மா சொல்லித்தந்த அதே பாடம்தான்: சுவிட்ச் எதையும் தொடாம, எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போய், சிலிண்டர் வால்வை மூடணும். வால்வு வண்டிக்கு வெளியதான் இருக்கும். எங்க இருக்குன்னு முதல் நாளே பார்த்து வைங்க.

பெட்ரோல் பங்க்குக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி கேஸ்ல ஓடற ஃப்ரிட்ஜ், வாட்டர் ஹீட்டர் எல்லாம் ஆஃப் ஆகியிருக்கணும். அதுக்குள்ள குட்டித் தீ எரிஞ்சுக்கிட்டு இருக்கும், வெளிய இருந்து பார்த்தா தெரியவே தெரியாது. வண்டி ஓடும்போதெல்லாம் சிலிண்டர் வால்வை மூடி வைக்கறதுதான் இன்னும் பாதுகாப்பு. சில சுரங்கப்பாதைகள்ல புரொப்பேனோட போகவே தடை இருக்கு, ரூட் போடும்போதே பார்த்துக்கங்க.

கடைசியா, தீ. படுக்கை பக்கத்துல ஒரு ஜன்னல் சிவப்புக் கைப்பிடியோட இருக்கும். அது அவசர வழி. பல வருஷமா திறக்காம ரப்பர் ஒட்டிப் போயிருக்கலாம். ஒரு தடவை எல்லாரும் திறந்து பாருங்க, குழந்தைங்களையும் திறக்கச் சொல்லுங்க. ராத்திரி ரெண்டு மணிக்குப் புகைக்குள்ள அதை முதல் தடவையா முயற்சி பண்ற நிலைமை யாருக்கும் வேண்டாம்.

ரோடு: எடை, டயர், உயரம்

வட அமெரிக்காவுல நிறைய மோட்டார்ஹோம்கள் ஃபோர்டு ஈ-450 சேஸி மேல கட்டினதுதான். அதோட உச்ச எடை 14,500 பவுண்ட், ஏறக்குறைய 6,600 கிலோ. கேட்கறதுக்கு நிறையதான். ஆனா மேல கட்டியிருக்கற வீடே அதுல பெரும்பகுதியைச் சாப்பிட்டிருக்கும். உங்களுக்கு மிச்சம் எவ்ளோன்னு வண்டியிலயே எழுதியிருக்கு. 2008-க்கு அப்புறம் அமெரிக்காவுல தயாரான மோட்டார்ஹோம்கள்ல, ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்ளோ எடை ஏத்தலாம்னு கதவு பக்கத்துல ஒரு லேபிள் இருந்தாகணும்.

ஒரு கணக்கு போடுவோம். அந்த லேபிள்ல 700 கிலோன்னு இருக்குன்னு வச்சுக்கங்க. டேங்க்ல 150 லிட்டர் தண்ணி ரொப்பினா 150 கிலோ போச்சு. நாலு பேர் ஏறினா 280 கிலோ. மிச்சம் 270. அதுக்குள்ளதான் துணி, மளிகை, சைக்கிள், நாற்காலி, பார்பிக்யூ அடுப்பு, "எதுக்கும் இருக்கட்டும்"னு எடுத்துவச்ச கிரைண்டர் எல்லாம் அடங்கணும். அலமாரியில இடம் இருக்கறதுக்கும் எடைக்கு இடம் இருக்கறதுக்கும் சம்பந்தமே இல்லை. கூடுதலா ஏத்தினா வண்டி நிக்காது, ஓடும். அதுதான் பிரச்சனையே. டயரும் பிரேக்கும் உள்ளுக்குள்ள அடி வாங்கிக்கிட்டே இருக்கும். முதல் டிரிப்புக்கு எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு, ஹைவே டிரக் ஸ்டாப்ல இருக்கற எடை மேடையில நிறுத்துங்க. முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் தனித்தனியா எடை கிடைக்கும். மொத்தம் சரியா இருந்தாலும் பின்னாடி மட்டும் தாண்டியிருக்கலாம்.

இனி டயர். கார் டயரை நாம எப்படிப் பார்ப்போம்? பட்டன் தேஞ்சிருக்கான்னு. மோட்டார்ஹோம்ல அந்தப் பார்வை ஏமாத்திடும். வருஷத்துல பத்து மாசம் வெயில்ல நிக்கற வண்டி அது. பட்டன் புதுசு மாதிரி இருக்கும், உள்ள ரப்பருக்கு வயசாயிருக்கும். டயரோட பக்கச்சுவர்ல டிஓடி-ன்னு ஆரம்பிக்கற ஒரு எழுத்து வரிசை இருக்கும். அதோட கடைசி நாலு இலக்கம்தான் பிறந்த தேதி. 2319-ன்னு இருந்தா 2019-ம் வருஷம் 23-வது வாரம். அஞ்சு வருஷத்துக்கு மேல ஆனா வருஷா வருஷம் டயர்காரர்கிட்ட காட்டணும், பட்டன் எப்படி இருந்தாலும் பத்து வருஷத்தைத் தாண்டக் கூடாதுன்னு பெரிய தயாரிப்பாளர்கள் சொல்றாங்க. மோட்டார்ஹோம் ஓட்டறவங்க நிறைய பேர் ஆறு, ஏழு வருஷத்துலயே மாத்திடறாங்க. பழைய வண்டியைப் பேரம் பேசும்போது இந்த நாலு இலக்கத்தை முதல்ல படிங்க. டயர் செட் மாத்தற செலவை அப்போவே விலையில கழிச்சுக்கலாம்.

காத்து விஷயத்துல இன்னொரு பொறி இருக்கு. பின்னாடி ஒரு பக்கத்துக்கு ரெண்டு டயர். உள்பக்க டயர்ல காத்தே இல்லைன்னாலும் வெளிப்பக்க டயர் வண்டியைத் தாங்கிக்கும், வெளிய இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. ஆனா தாங்கறவன் ரெண்டு பேர் எடையையும் சுமந்து சூடாகி வெடிப்பான். அதனால கிளம்பற காலையில, டயர் சூடாகறதுக்கு முன்னாடி, ஆறு டயரையும் கேஜ் வச்சுப் பாருங்க. உள் டயருக்கு வால்வ் எக்ஸ்டென்ஷன் போட்டுக்கிட்டா கை எட்டும். ஓடும்போது முன் டயர் வெடிச்சா, பிரேக்கை மிதிக்காதீங்க. ஸ்டீயரிங்கை ரெண்டு கையாலயும் நேரா இறுக்கிப் பிடிச்சு, வேகம் தானா குறைஞ்சதும் ஓரம் கட்டுங்க.

உயரம். அமெரிக்காவோட நார்த் கரோலினாவுல, டர்ஹம் ஊர்ல ஒரு ரயில் பாலம் இருக்கு. அதோட உயரம் முன்னாடி 11 அடி 8 அங்குலமா இருந்தது. உயரத்தை போர்டுல எழுதி, விளக்கு போட்டு எச்சரிச்சும் லாரிகளும் மோட்டார்ஹோம்களும் வந்து முட்டிக்கிட்டே இருந்தன. உள்ளூர்க்காரர் ஒருத்தர் 2008-லேர்ந்து கேமரா வச்சு அந்த வீடியோக்களைப் போட்டதுல பாலம் உலகப் புகழ் ஆயிடுச்சு. 2019-ல அதை 8 அங்குலம் உயர்த்தினாங்க. அப்புறமும் முட்டறது நிக்கலை! காரணம் எளிமையானது. கார் ஓட்டிப் பழகின நம்ம மூளையில "என் வண்டி எவ்ளோ உயரம்"ங்கற கேள்விக்கு இடமே கிடையாது. டேப் எடுத்து, கூரை மேல இருக்கற ஏசியோட உச்சி வரைக்கும் அளந்து, அந்த நம்பரை ஸ்டீயரிங் பக்கத்துல ஒட்டி வைங்க. கார் ஜிபிஎஸ்ஸுக்கு உங்க உயரம் தெரியாது. மோட்டார்ஹோமுக்கான ஜிபிஎஸ்ல உயரத்தையும் எடையையும் கொடுக்கலாம். பங்க் கூரை, டிரைவ்-த்ரூ, மரக்கிளை எல்லாம் இதே கணக்குதான்.

ஓட்டும்போது இன்னும் ரெண்டு. பின் சக்கரத்துக்குப் பின்னாடி வண்டி நீளமா நீட்டிக்கிட்டு இருக்கும். நீங்க வலது பக்கம் திரும்பினா அந்த வால் இடது பக்கம் வீசும், பக்கத்து லேன் காரையோ பங்க் தூணையோ தட்டும். ஆளில்லாத பார்க்கிங்ல நாலு கோன் வச்சு ஒரு மணி நேரம் பழகுங்க. மலையில இறங்கும்போது பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா, அது சூடாகி ஒரு கட்டத்துல பிடிக்கவே பிடிக்காது. இறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சு, இன்ஜினை வச்சு வேகத்தைக் கட்டுப்படுத்துங்க. கொடைக்கானல் பஸ் டிரைவர்கள் பண்றதும் இதுதான். வண்டி ஓடும்போது எல்லாரும் பெல்ட் போட்டு உட்காரணும். ஃப்ரிட்ஜ் இருக்கேன்னு நடந்து போய்த் தண்ணி எடுக்கறது வண்டி நிக்கும்போது மட்டும்தான்.

பர்ஸ்: கரண்டும் தண்ணியும்

கேம்ப் கிரவுண்ட்ல கரண்ட் கொடுப்பாங்க. சின்ன மோட்டார்ஹோம்னா பெரும்பாலும் 30 ஆம்பியர், 120 வோல்ட். பெருக்கினா 3,600 வாட். ஏசி ஓடிக்கிட்டு இருக்கு, மைக்ரோவேவ்ல சாதம் சூடாகுது, அந்த நேரத்துல ஹேர் டிரையர் போட்டா டிரிப் ஆகும். ஒவ்வொண்ணும் 1,500 வாட் பக்கம் எடுக்கும், மூணு சேர்ந்தா 4,500. டிரிப் ஆகறது நல்லது, ஏன்னா அது சத்தம் போடற ஃபால்ட்.

சத்தம் போடாத ஃபால்ட் வீட்டு கராஜ்ல இருக்கு. அங்க துணி காயவைக்கற மெஷினுக்கு ஒரு பிளக் பாயின்ட் இருக்கும். அதுவும் 30 ஆம்பியர்தான், ஆனா 240 வோல்ட். புதுசா மோட்டார்ஹோமுக்குப் பாயின்ட் போட வர்ற எலக்ட்ரீஷியன்கூட "30 ஆம்பியர்தானே"ன்னு அதே மாதிரி 240 கொடுத்துட வாய்ப்பு இருக்கு. செருகின அடுத்த நிமிஷம் ஏசி, மைக்ரோவேவ், சார்ஜர் எல்லாம் அவுட். அதனால செருகறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர் வச்சு வோல்டேஜைப் பாருங்க. வோல்டேஜ் தப்பா இருந்தா தானா துண்டிக்கற சர்ஜ் ப்ரொடெக்டர் ஒண்ணும் வாங்கிடுங்க.

வண்டிக்குள்ள விளக்கு, பம்ப் எல்லாம் 12 வோல்ட் பேட்டரியில ஓடும். பழைய லெட் ஆசிட் பேட்டரின்னா பாதிக்குக் கீழே இறங்கவிட்டா ஆயுசு வேகமா குறையும். லோடு இல்லாம வச்சுப் பார்க்கும்போது 12.6, 12.7 வோல்ட் இருந்தா ஃபுல். 12.1 பக்கம் வந்தா பாதி. லைட் எரியுதேன்னு அதுக்கும் கீழே ஓட்டாதீங்க.

இப்போ மோட்டார்ஹோமைக் கொல்றதுல முதல் இடம் எதுக்குன்னு சொல்றேன். மழைத்தண்ணி. கூரையில ஏசி, வென்ட், ஏணி, ஆன்டெனான்னு பத்து இடத்துல ஓட்டை போட்டு, சுத்தி சீலன்ட் பூசியிருப்பாங்க. வண்டி ஓடும்போது வீடு முழுக்க ஆடிக்கிட்டே வரும், சீலன்ட்ல மயிரிழை விரிசல் விடும். உள்ள இறங்கற தண்ணி சுவருக்குள்ள இருக்கற மரச்சட்டத்தையும் பிளைவுட்டையும் ஊறவைக்கும். நீங்க கூரையில கறையைப் பார்க்கற அன்னிக்கு உள்ள மரம் மக்கி ரொம்ப நாள் ஆகியிருக்கும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு ஓரத்தையும் பாருங்க. விரிசல் இருந்தா கூரையோட மெட்டீரியலுக்குத் தகுந்த சீலன்ட்டைப் பூசுங்க. வீட்ல இருக்கற சாதாரண சிலிக்கானை வச்சு அடைக்காதீங்க, அதுக்கு மேல அடுத்த தடவை எதுவுமே ஒட்டாது. பழைய வண்டி வாங்கப் போகும்போது சுவரையும் தரையையும் கையால அழுத்திப் பாருங்க. மெத்துன்னு அமுங்கினா, விலை எவ்ளோ குறைவா இருந்தாலும் கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

குடிதண்ணி டேங்கை சீசனுக்கு ஒரு தடவை சுத்தம் பண்ணணும். 57 லிட்டர் தண்ணிக்கு 60 மில்லி வாசனை சேர்க்காத பிளீச். ஒவ்வொரு குழாயையும் திறந்து பிளீச் வாசனை வர்ற வரைக்கும் ஓடவிட்டு, மூடி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில காலி பண்ணி ரெண்டு மூணு தடவை அலசுங்க. ஃபில்டரை முன்னாடியே கழட்டிடுங்க.

கக்கூஸ் டேங்க் பத்திப் பேசாம முடிக்க முடியாது. கேம்ப் கிரவுண்ட்ல டிரெயின் பைப்பை மாட்டினதும் வால்வைத் திறந்தே வச்சுட்டா வேலை மிச்சம்னு தோணும். அப்படி வச்சா தண்ணி மட்டும் ஓடிப் போயிடும், கெட்டி எல்லாம் உள்ளேயே கோபுரமா நிக்கும். மூடியே வைங்க, மூணுல ரெண்டு பங்கு ரொம்பினதும் திறங்க. முதல்ல கக்கூஸ் டேங்க், அப்புறம் குளிச்ச தண்ணி டேங்க். சோப்புத் தண்ணி பைப்பைக் கழுவிவிட்டுடும். கிளவுஸ் போடுங்க. குடிதண்ணி ஹோஸை இந்த வேலைக்குத் தொடவே தொடாதீங்க.

பனி கொட்டற ஊர்னா, குளிர்காலத்துக்கு முன்னாடி பைப்புல இருக்கற தண்ணியை எல்லாம் வடிச்சு, ஆர்வி-க்குன்னு விக்கற பிங்க் கலர் ஆன்டிஃப்ரீஸைச் செலுத்தணும். கார் ரேடியேட்டர்ல ஊத்தறது விஷம், அதைக் குடிதண்ணி பைப்புல விடக் கூடாது.

காலண்டர்ல போட்டு வைங்க

இது எல்லாத்தையும் தலையில வச்சுக்க வேண்டாம். ஃபோன் காலண்டர்ல ரிமைண்டர் போதும்.

கிளம்பற ஒவ்வொரு தடவையும்: ஆறு டயர் காத்து, கேஸ் வால்வ், படிக்கட்டு உள்ள மடிஞ்சிருக்கா, ஆன்டெனா இறங்கியிருக்கா, கூரை வென்ட் மூடியிருக்கா, கரண்ட் வயரும் டிரெயின் பைப்பும் கழட்டியாச்சா. வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்து பார்த்துட்டு ஏறுங்க.

மாசம் ஒரு தடவை: எல்லா அலாரமும், தீயணைப்பான் முள்ளும். ஜெனரேட்டரை ஏசி மாதிரி லோடு கொடுத்து ஒண்ணு ரெண்டு மணி நேரம் ஓட்டணும். சும்மா கிடந்தா பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைச்சிடும்.

மூணு மாசத்துக்கு ஒரு தடவை: கூரை.

வருஷம் ஒரு தடவை: கிலோமீட்டர் ஓடாட்டியும் இன்ஜின் ஆயில் மாத்தறது, பிரேக், கேஸ் லைன் லீக் டெஸ்ட், அலாரங்களோட எக்ஸ்பயரி தேதி, டயரோட வயசு.

"வீட்டைக் கட்டிப் பார்"னு பெரியவங்க சொன்னது ஒரே இடத்துல நிக்கற வீட்டுக்கு. இது தினமும் சின்ன நிலநடுக்கத்துல ஓடற வீடு. பயமுறுத்தறதுக்காக இதைச் சொல்லலை. இந்த செக் லிஸ்ட் கைவசம் இருந்தா, ஏதோ ஏரிக்கரையில விடிகாலையில கதவைத் திறந்து ஃபில்டர் காபி போட்டுக் குடிக்கற அந்த சுகத்தை நிம்மதியா அனுபவிக்கலாம்.

உங்க வண்டியிலயோ, வாங்கப் போற வண்டியிலயோ இன்னிக்கே ரெண்டு விஷயம் பாருங்க: கார்பன் மோனாக்சைடு அலாரத்தோட பின்பக்க தேதி, டயரோட கடைசி நாலு இலக்கம். மொத்தம் பத்து நிமிஷ வேலை. இந்த எபிசோடை, வண்டி வாங்கப் போறேன்னு சொல்லிக்கிட்டு இருக்கற அந்த ஃப்ரெண்டுக்கும் அனுப்பி விடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம். பத்திரமா ஓட்டுங்க, வணக்கம்!